வள்ளியூர் டிஸ்க்

ஜூலை 18, வியாழன்

ஆடி பிறந்து இரண்டு நாள் ஆகிறது. ஆடியில் கல்யாணம் கிடையாது, ஊரே ஓய்வெடுக்கும். எனக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. சித்திரையிலும் வைகாசியிலும் இந்த ஜில்லாவில் கட்டின தாலியெல்லாம் இப்போதுதான் என் மேசைக்கு வந்து சேர்கிறது. மண்டபத்தில் ஒரு காலை நேரத்தில் முடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதை நான் பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்து மாதக்கணக்கில் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் D டிரைவில் சிவப்புக் கோடு. இடமில்லை. என்ன தொழில் செய்கிறாய் என்று கேட்டால் கல்யாண வீடியோ எடிட்டிங் என்று சொல்கிறேன். உண்மையில் பாதி நாள் இடம் தேடுகிற வேலைதான். C-யில் சாஃப்ட்வேர் மட்டும் இருக்கிறது. அது அடுப்படி மாதிரி, வேறு சாமான் வைக்கக் கூடாது. D-யில் நடக்கிற வேலைகள். E-யில் முடிந்த கல்யாணங்கள், வாங்கிப்போக ஆள் வராமல் கிடக்கின்றன. F என்பது வெளியே வயரில் தொங்குகிற பழைய டிஸ்க். அது கொஞ்ச நாளாக உள்ளுக்குள் டிக் டிக் என்கிறது. அதை நம்பி எதையும் வைப்பதில்லை.

E-யில் ஒரு பெரிய ஃபோல்டர் இருக்கிறது. பெயர் 'இசக்கிராஜ் தொடாதே'. என் வீட்டுக்காரர் மஸ்கட் போகுமுன் சேர்த்துவைத்த சினிமாக்கள், பழைய கிரிக்கெட் மேட்ச்கள், உடற்பயிற்சி வீடியோக்கள். வந்தால் பார்ப்பார்.

பிரம்மநாயகம் அண்ணன் போன் செய்தார். எனக்கு வேலை கொடுக்கிற ஸ்டுடியோக்காரர்களில் அவர்தான் பெரியவர். "ஆவணி ஒண்ணாந்தேதில இருந்து வரிசையா கல்யாணம் கிடக்கு, முப்பிடாதி. இடத்தைக் காலி பண்ணி வையி" என்றார். நான் ஏதோ லாட்ஜ் நடத்துகிற மாதிரிதான் பேசுவார்.

ஜூலை 20, சனி

ஆடிக்காற்று. கரண்ட் இரண்டு தடவை போனது. வெட்டி ஒட்டினதை ஒரே படமாக எடுக்கிற எக்ஸ்போர்ட், முக்கால்வாசி ஓடிய பிறகு இரண்டு தடவையும் செத்தது. மதியம் ரசமும் அப்பளமும்.

ஜூலை 23, செவ்வாய்

இரட்டைப் பிரதிகளைத் தேடி அழித்தேன். கிடைத்த இடம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குக்கூடப் போதாது.

D-யில் அதிக இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பது 'விதைக்கடை'. இந்தப் பக்கம் பெண் வீட்டார் ஒரு கேமரா வைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் இன்னொரு கேமரா வைப்பார்கள். இரண்டையும் சேர்த்து ஒரே படமாக ஒட்டுவது என் வேலை. பெண்ணின் அப்பா விதைக்கடை வைத்திருக்கிறவர், ஆகவே ஃபோல்டருக்குப் பெயர் விதைக்கடை. புக் செய்கிறவர் யாரோ அவர் பேரில்தான் எல்லாம் நடக்கும். கல்யாணப் பெண்ணுடைய பெயர் எந்த ஸ்டுடியோவுக்கும் தெரியாது. மாப்பிள்ளை வீட்டுப் பாதி இன்னும் வரவில்லை. வராமல் நான் தொட முடியாது. பெண் மட்டும் தனியாக மணமேடையில் உட்கார்ந்திருக்கிற படத்தை வைத்து என்ன செய்ய.

இவர் போன் செய்தார். மஸ்கட்டிலிருந்து, ரொம்ப நாளைக்கு அப்புறம். இடம் பற்றாத கதையைச் சொன்னேன். "எஞ்சாமானத்துல கைய வச்சிராத, என்ன" என்றார். மகள் பூரணி எப்படிப் படிக்கிறாள் என்றார். பதினொன்றாவது என்பதை நான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. பொங்கலுக்கு வருவதாகச் சொன்னார். எந்தப் பொங்கல் என்று கேட்கவில்லை, எனக்கும் சோர்வாக இருந்தது.

ஜூலை 26, வெள்ளி

ஆடி வெள்ளி. தெருமுனை அம்மன் கோவிலில் ஸ்பீக்கர் விடியற்காலையிலிருந்து. அதோடு போராடி ஒரு வரவேற்பு வீடியோவை முடித்துக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார்கள்.

வெள்ளைச் சட்டை, ஒல்லியான உடம்பு. செருப்பைக் கீழ்ப்படியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். "நாந்தாம்மா விதைக்கடை கோமதிநாயகம். வைகாசியில எம்மவளுக்குக் கல்யாணம் முடிச்சேன். அந்த வீடியோ உங்ககிட்டதான் இருக்குன்னாவ."

மாப்பிள்ளை வீட்டிலிருந்து இன்னும் வரவில்லை, வந்ததும் முடித்துவிடலாம் என்று வழக்கமான பாட்டைத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார்.

"முடிக்க வேண்டாம்மா. அழிச்சிருங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. பெண் திரும்பி வந்துவிட்டாளாம். பையன் மனதில் ஏற்கெனவே வேறு யாரோ ஒருத்தி இருந்திருக்கிறாள், பெற்றவர்களுக்குப் பயந்து மாலைக்குத் தலையை நீட்டியிருக்கிறான். சண்டை சச்சரவு இல்லை, இவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள். இதையெல்லாம் விதை விலை சொல்லுகிற மாதிரி சொன்னார்.

"போட்டோக்காரர்கிட்டயும் போயிட்டு வந்துட்டேன். அங்கயும் அழிச்சாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. நாளப்பின்ன எங்கயாவது அவ கண்ணுல பட்டுச்சுன்னா உக்காந்து பாத்துப் பாத்து அழுவா. எனக்குத் தெரியும் அவளை."

"ஒரு பத்து நாள் யோசிச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்றேன். இடமில்லை இடமில்லை என்று அடித்துக்கொள்கிற நானா அப்படிச் சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியம்.

"யோசிச்சுட்டுத்தாம்மா வந்தேன். எங்கண்ணு முன்னால அழிங்க."

அழித்தேன். பச்சைக் கோடு ஓடி முடிகிற வரைக்கும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு படத்தைக்கூடத் திறந்து காட்டச் சொல்லவில்லை. முடிந்ததும், "அந்தக் குப்பைக்கூடைன்னு ஒண்ணு இருக்குமே, அதுலயும் இருக்கக் கூடாது" என்றார். கடையில் கம்ப்யூட்டர் பில் போடுகிறவர், விவரம் தெரிந்திருக்கிறது. அதையும் காலி செய்தேன்.

"மக வந்து கேட்டா என்ன சொல்ல அண்ணாச்சி?"

"டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு சொல்லிருங்க. எம்பேர எடுக்காண்டாம்."

போகும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு வெண்டை விதைப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். மாடியில் தொட்டி இருந்தால் போடுங்கள், ஆடிப்பட்டம் என்றார். D-யில் சிவப்பு போய் நீலம் வந்திருந்தது. சந்தோஷப்பட வேண்டியவள்தான்.

ஜூலை 29, திங்கள்

காலி இடத்தில் இரண்டு கல்யாணத்தை இறக்கினேன். D மறுபடி சிவப்பு. வெண்டை விதையைப் பழைய பக்கெட்டில் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. தேங்காய்ச் சாதம், எலுமிச்சம்பழச் சாதம், கூட ஒரு வடகம். பூரணி இரண்டு தட்டு சாப்பிட்டாள். அவள் அப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். பார்த்துவிட்டார் என்பதற்கு இரண்டு நீலக் கோடு வந்தது, வேறொன்றும் வரவில்லை.

பிரம்மநாயகம் அண்ணன் ஒரு பையில் மூன்று டிஸ்க் கொடுத்துவிட்டிருக்கிறார். நாங்குநேரி, களக்காடு, வள்ளியூர் என்று பிளாஸ்திரி ஒட்டி எழுதியிருக்கிறது. போனில் கேட்டேன்.

"வள்ளியூர் பார்ட்டி வேண்டாம்னுட்டாவ. மத்த ரெண்டையும் முதல்ல பாரு. வள்ளியூரை ஃபார்மேட் போட்டு வையி, அது அந்த ஊரு ஸ்டுடியோக்காரன் டிஸ்க், திருப்பிக் குடுக்கணும்."

பார்ட்டி வேண்டாம் என்று சொல்வது ஒன்றும் புதிதில்லை. வேலையை ஆரம்பித்தபின் வேண்டாம் என்கிறவர்களைவிட இவர்கள் தேவலை. வள்ளியூரை மேசை டிராயரில் போட்டேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

விதைக்கடை அண்ணாச்சி இறந்துவிட்டார்.

பிரம்மநாயகம் அண்ணன்தான் சொன்னார். காலையில் கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், அவ்வளவுதான். ஃபிளெக்ஸ் அடிக்கப் படம் இருக்கிறதா என்று வீட்டிலிருந்து அண்ணனிடம் கேட்டிருக்கிறார்கள். "உங்கிட்ட ஏதும் கிடக்கா?" என்றார். இல்லை என்றேன். ஏன் இல்லை என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பூரணியை டியூஷனில் விட்டுவிட்டு வரும்போது ஃபிளெக்ஸைப் பார்த்தேன். ஆதார் அட்டைப் படம். அதைப் பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே கம்ப்யூட்டரில் ஒரு கோட்டை மாட்டிவிட்டிருக்கிறார்கள். அந்த மனிதர் ஆயுளில் கோட்டுப் போட்டிருக்க மாட்டார். முகம் யாரோ மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 12, திங்கள்

அந்தப் பெண் வந்தாள். பெயர் சங்கரவடிவு, வீட்டில் வடிவு. அவள் கல்யாணத்தை இரண்டு மாதம் என் வீட்டில் வைத்திருந்தேன், பெயர் இன்றைக்குத்தான் தெரியும். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. அழுது முடித்த முகம்.

"அக்கா, வீடியோவுல எங்கப்பா வாற இடம் மட்டும் கிடைக்குமா? எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். பதினாறாம் நாளுக்கு ஒரு நல்ல படம் வைக்கணும். அப்பா போன்ல பேசினதுகூட எதுலயும் பதிவு இல்ல. குரலு மறந்துபோயிருமோன்னு இருக்கு."

டிஸ்க் கெட்டுப்போச்சு என்று சொல்வதாகத்தான் பேச்சு. வாயைத் திறந்தேன். அந்தப் பொய் வரவில்லை. எனக்குப் பொய் வராது என்றெல்லாம் இல்லை, மாமியார் போன் செய்தால் உங்கள் மகன் தினமும் பேசுகிறார் என்று நன்றாகவே சொல்கிறேன். இது வரவில்லை.

"அப்பா வந்து அழிக்கச் சொன்னாவம்மா. ஆடி ரெண்டாவது வெள்ளியன்னைக்கு. இங்கதான் நின்னாவ."

அவள் கம்ப்யூட்டர் திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"என் மூஞ்சி இருந்த எல்லாத்தையும் அழிச்சிருக்காரு" என்றாள் பிறகு.

"அப்படி இல்லம்மா. நீ பாத்து அழுவன்னுதான் சொன்னாவ."

"நீங்க ஆறுதலுக்குச் சொல்லுதிய. நான் திரும்பி வந்ததுல இருந்து எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலக்கா. சாப்பாட்டுத் தட்டைக் கொண்டாந்து பக்கத்துல வச்சிட்டு, மூஞ்சியக்கூடப் பாக்காமப் போயிருவாரு. நானும் வீம்புக்குப் பேசல. கடைசி வரைக்கும் பேசாமலே போயிட்டாரு. என்னால அவருக்கு வெளிய தல காட்ட முடியல, அதான் செத்துட்டாரு. ஊரு அப்படித்தான் பேசுது."

மாப்பிள்ளை வீட்டில் கேட்டுப் பார்க்கலாமா என்றேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று தெரிந்தது. அவள் எழுந்துவிட்டாள்.

ஒரு மனிதர் மகள் அழக் கூடாது என்று நினைத்துச் செய்த காரியம், அவள் தலையில் கல்லாக வந்து விழுந்திருக்கிறது. பட்டனை அழுத்தியது நான். மனது ஆறவில்லை. சாயங்காலம் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, அதையும் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அழித்ததை மீட்கிற சாஃப்ட்வேர் ஒன்றை D-யில் ஓடவிட்டேன். காலை முழுக்க ஓடியது. ஃபைல் பெயர்களெல்லாம் வரிசையாக வந்தன, எனக்கு உயிர் வந்தது. திறந்தால் ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்று திறந்தது. மேல் பாதி சாம்பல் நிறம், கீழ் பாதியில் யாரோ ஒருத்தியின் பட்டுச்சேலைக் கரை. அழித்த இடத்தின்மேல் மூன்றே நாளில் இரண்டு கல்யாணத்தை இறக்கியவள் நான்தானே. காலி இடம் கிடைத்துவிட்டது என்று பறந்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

நாளை சாயங்காலம் ஆள் வருகிறான், டிஸ்க்குகளை எடுத்து வை என்று பிரம்மநாயகம் அண்ணன் சொன்னார். நாங்குநேரி, களக்காடு இரண்டும் தயார். வள்ளியூரை டிராயரிலிருந்து எடுத்து மாட்டினேன்.

ஃபார்மேட் போடும் முன் முதல் கிளிப்பையும் கடைசி கிளிப்பையும் திறந்து பார்ப்பது என் வழக்கம். முதல் கிளிப்பில் ஒரு வீட்டு வாசல், வாழைமரம், தெரியாத முகங்கள். கடைசி கிளிப்பைத் திறந்தேன். சாப்பாட்டுக் கூடம், கடைசிப் பந்தி. மாப்பிள்ளை இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அவன் பக்கத்தில் பாயசக் கிண்ணத்தோடு நின்று, போதும் போதும் என்கிறவனை விடாமல் ஊற்றுகிறார் கோமதிநாயகம் அண்ணாச்சி.

எழுந்து நின்றுவிட்டேன்.

விதைக்கடையும் வள்ளியூரும் ஒரே கல்யாணம். பெண் வீட்டுக் கேமரா பெண்ணின் அப்பா பேரில், மாப்பிள்ளை வீட்டுக் கேமரா மாப்பிள்ளை ஊர் பேரில். பெண் வீட்டார் வேண்டாம் என்றார்கள், நான் விதைக்கடையை அழித்தேன். மாப்பிள்ளை வீட்டாரும் வேண்டாம் என்றார்கள், வள்ளியூரை அழிக்கச் சொன்னார்கள். இரண்டும் ஒன்றுதான் என்பது பிரம்மநாயகம் அண்ணனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பத்து நாளுக்கு மேல் அந்த மனிதரை டிராயரில் போட்டு வைத்திருந்திருக்கிறேன்.

ஒவ்வொன்றாகத் திறந்தேன். அந்த முதல் கிளிப்பை விட்டால் அவர் இல்லாத கிளிப்பே இல்லை. யோசித்துப் பார்த்தால் அது அப்படித்தான். கல்யாணத்தன்று பெண்ணின் அப்பா பெண் பக்கம் போகவே மாட்டார், காலையிலிருந்து மாப்பிள்ளை பின்னாலேயேதான் அலைவார். மாப்பிள்ளையை விட்டு அகலாத கேமராவில் அவர்தான் இரண்டாவது கதாநாயகன். நான் அழித்த விதைக்கடையில் அவர் தாரை வார்த்த இடத்தைத் தவிர வேறெங்கும் இருந்திருக்க மாட்டார்.

அண்ணனுக்குப் போன் செய்து இரண்டு நாள் தவணை கேட்டேன். "நடக்காது முப்பிடாதி. வள்ளியூர்க்காரனுக்கு சனிக்கிழமை முகூர்த்தம், அந்த டிஸ்க்லதான் எடுக்கணும்" என்றார். கம்ப்யூட்டர் கடைக்குப் போன் செய்தேன். ஆவணி வருகிறதென்று எல்லா ஸ்டுடியோக்காரர்களும் டிஸ்க்கை வாரிக்கொண்டு போய்விட்டார்களாம். நாளை சுதந்திர தினம், கடை இல்லை. திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

D-யில் நடக்கிற வேலைகள், தொட முடியாது. E-யில் இருக்கிற கல்யாணங்கள் அடுத்தவர் பொருள். F-ஐ மாட்டிப் பார்த்தேன். டிக் டிக் என்றது, பிறகு அந்தச் சத்தமும் நின்றுவிட்டது.

பூரணி பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டு மிட்டாயோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"E-ல அப்பாவோடது கிடக்குல்லா. அதைத் தூக்கிரும்மா."

"அப்பா வந்தா கேப்பாவ."

"வந்தாத்தான கேப்பாவ" என்றாள், மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்துக்கொண்டே.

வாய் நீளம் என்று திட்டினேன். அவள் ஒன்றும் கோபப்படவில்லை, பாதி மிட்டாயை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இவருக்குப் போன் செய்தேன், ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று. மணி அடித்தது, கட் ஆனது. 'மீட்டிங்' என்று மெசேஜ் வந்தது. லாரி ஓட்டுகிறவருக்கு என்ன மீட்டிங்கோ.

ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். அவர் போன பிறகு திறந்ததே இல்லை. சினிமாக்கள் எல்லாம் இப்போது போனிலேயே கிடைக்கிறவை. கிரிக்கெட் மேட்ச் ஒவ்வொன்றிலும் யார் ஜெயித்தார்கள் என்று உலகத்துக்கே தெரியும். இதற்கு இடம் விட்டு இடம் விட்டு, எத்தனை வருஷமாக அடுத்தவர் கல்யாணங்களை மூலையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். மூடிவிட்டு அழித்தேன். குப்பைக்கூடையையும் காலி செய்தேன். வருத்தம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

வள்ளியூர் முழுதும் E-யில் ஏறி முடிய மதியம் தாண்டிவிட்டது. கரண்ட் போகக் கூடாதே என்று ஃபேனைக்கூட அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெரிந்தும். நான்கு மணிக்கு ஆள் வந்தான். டிஸ்க்கை ஃபார்மேட் போட்டுக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

வடிவுக்குப் போன் செய்தேன். மாப்பிள்ளை வீட்டுக் கேமராவில் அப்பா இருக்கிறார் என்றதும், நிஜமாகவா என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, "அக்கா, அவன் இல்லாம வெட்டித் தருவியளா? அவன் தலைமுடிகூடத் தெரியக் கூடாது" என்றாள். சரி என்றேன். வெட்டுவதுதானே என் வேலை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இரண்டு நாளாக அதே வேலை. கூலி வேலையெல்லாம் நிற்கிறது, அண்ணன் நாளைக்குக் கத்துவார்.

கல்யாண வீடியோவில் நாங்கள் அசல் சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டைத்தான் போடுவோம். யாரும் யார் பேசுவதையும் கேட்பதில்லை. குரல் வேண்டும் என்று அவள் கேட்டதால் இந்தத் தடவை ஹெட்போனை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். மேளம், ஸ்பீக்கர், பிள்ளைகள் அழுகை. ஓர் இடத்தில் அவர் குரல் தெளிவாகக் கிடைத்தது. என்ன சொல்கிறார் என்பதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. அது அவள் முதலில் கேட்க வேண்டியது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வடிவு வந்தாள். காபி கொடுத்தேன், குடிக்கவில்லை.

வெட்டி வைத்ததை ஓடவிட்டேன். மாப்பிள்ளை அழைப்பு, கோவில் வாசல். அவள் கேட்டபடி அவன் ஒரு மயிரிழைகூடத் தெரியாமல் படத்தின் சட்டத்தை நகர்த்தியிருந்தேன். அப்பா சிரிக்கிறார், அப்பா வியர்வையைத் துடைக்கிறார், அப்பா யாரையோ அதட்டுகிறார். அவள் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து முகம் சுருங்கியது.

"அப்பா கை எங்கக்கா?"

அவர் வலது கை எந்தப் படத்திலும் முழுதாக இல்லை. முழங்கைக்குக் கீழே படம் முடிந்துவிடும்.

"அவன் தோள்லம்மா. அன்னைக்குப் பூரா அண்ணாச்சி கை அவன் தோள்லதான் கிடந்துச்சு. அவனை எடுத்தா கையும் போயிருது."

நான் வெட்டாததைத் திறந்தேன். "இதை ஒரு தடவை மட்டும் பாத்திரு. பிடிக்கலன்னா உன் முன்னாலயே அழிச்சிருதேன்" என்று ஹெட்போனை அவளிடம் கொடுத்தேன். பிறகு மனம் மாறி அதன் வயரைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். தனியாகக் கேட்கிற விஷயம் இல்லை அது.

கோவில் வாசலில் மேளக்காரர்கள் மூச்சு வாங்க நிறுத்திய நேரம். மாப்பிள்ளை மாலையோடு நிற்கிறான். அண்ணாச்சி அவன் தோளில் கையைப் போட்டு, அவன் காதுப் பக்கம் குனிகிறார். கேமராக்காரன் கிட்டத்தில் நின்றிருக்கிறான்.

"மாப்ள, ஒண்ணு சொல்லணும். கோவம் வந்தா எம்மவ வாயே திறக்க மாட்டா. சமாதானம் பேசப் போனியன்னா இன்னும் கூடும். மூஞ்சியப் பாத்தா அழுதுருவா. அதனால பாக்காதிய, பேசாதிய. தட்டுல ரெண்டு தோசையப் போட்டு, பக்கத்துல வச்சிட்டு, நகண்டு போயிருங்க. அரை மணி கழிச்சுப் பாத்தா தின்னுருப்பா. சின்னதுல இருந்து நாந்தான் அப்படி வைப்பேன். குப்புறப் படுத்துக் கிடப்பா, அவ அம்மை வச்சான்னு நெனச்சுக்கிட்டிருக்கா. நீங்களும் சொல்லிராதிய."

சொல்லிவிட்டு அவரே சிரிக்கிறார். மேளம் மறுபடி தொடங்கிவிடுகிறது.

வடிவு மறுபடி போடச் சொன்னாள். போட்டேன். இன்னொரு தடவை போடச் சொன்னாள். அதன்பின் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள், நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். எனக்கும் அழுகை வந்தது, யாருக்காக என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பூரணி அடுப்படி வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, ஆறின காபியைச் சூடாக்கக் கொண்டுபோனாள்.

"அவன் இருந்துட்டுப் போட்டும்க்கா" என்றாள் வடிவு கடைசியில். "வெட்டாததையே குடுங்க."

ஆகஸ்ட் 21, புதன்

இவர் போன் செய்தார். பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன், உங்கள் ஃபோல்டரை அழித்தாயிற்று என்று.

"அப்ப நான் வந்தா என்னத்தப் பாக்க?" என்றார்.

"எங்களைப் பாருங்க" என்றேன்.

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். லைன் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த கல்யாண வேலையைத் தொடங்கினேன், மணமேடை வரை வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போயிருந்தேன். நான் போகிற வழக்கம் இல்லை, ஆயிரம் கல்யாணம் பார்த்தவள் எந்த வீட்டுப் படியும் ஏறியதில்லை. வடிவு இரண்டு தடவை போன் செய்து கூப்பிட்டாள்.

கூடத்தில் நடு நாற்காலியில் பெரிய படம். கோவில் வாசலில் மேளம் நின்ற நேரத்துப் படம்தான். அண்ணாச்சி குனிந்து சிரித்துக்கொண்டிருக்கிறார், இப்போதுதான் ரகசியம் சொல்லி முடித்த முகம். படத்தின் ஓரத்தில் பட்டுச் சட்டை போட்ட ஒரு தோள், அதன்மேல் அவர் கை. மாலையை அந்தத் தோளை மறைக்கிற மாதிரி யாரோ இழுத்துவிட்டிருந்தார்கள். கை பாதி மூடியிருந்தது.

வடிவு வந்து மாலையைச் சரியாக நகர்த்தினாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாய்மாமன் போல ஒருவர் மெதுவாக அவளிடம் வந்தார்.

"ஏட்டி, அந்தப் பயல வெட்டிட்டு வச்சிருக்கப் படாதா? நாலு பேர் கேக்காவ."

"வெட்டினா அப்பா கை போயிரும் மாமா" என்றாள்.

அவர் படத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தியைக் கவனிக்கப் போனார்.